கட்டுப்பாடற்ற பிள்ளைகளா, கவனிப்பாரற்ற பிள்ளைகளா?

நமது வைத்தியசாலைகளின் சலரோகக் கிளினிக்குகளிலே கட்டிளமைப் பருவத்துப் பிள்ளைகளைக் குறித்து ஒரு சொற்றொடர் வழங்கி வருகின்றது. "கட்டுப்பாடு இல்லாத பிள்ளை" என்பதே அது. இரத்தத்திலுள்ள சீனியின் நிலையைக் குறிக்கத் தோன்றிய வைத்தியச் சொல் காலப்போக்கிலே பிள்ளையின் குணத்தைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. வைத்தியர் அதனைச் சொல்கிறார். தாதி அதனை எதிரொலிக்கிறார். வாசலிற் காத்து நிற்கும் தாய் அதனைக் கேட்டுத் தலை குனிகிறாள். வீடு திரும்பியதும் தகப்பன் அதனைப் பிரம்போடு சேர்த்து விளக்குகிறார். பாடசாலையிலோ வகுப்பாசிரியர், "இந்த வயதிலே உனக்குச் சலரோகமா? என்னத்தைத் தின்றாய்?" என்று நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் வினவுகின்றார். பதினான்கு வயதுப் பிள்ளையொன்று இத்தனை பேருக்கும் நடுவிலே குற்றவாளியாக நிறுத்தப்படுகின்றது. இக்குற்றச்சாட்டை நாம் மறுக்கின்றோம். மறுப்பதோடு நில்லாமல், குற்றக்கூண்டில் ஏற்றப்பட வேண்டியது எது என்பதையும் கூற விரும்புகின்றோம்.

சலரோகம் என்றவுடன் நம்மவரின் மனக்கண்முன் தோன்றுவது வயது சென்ற, உடல் பருத்த, ஓரளவு வசதி படைத்த ஒருவரின் உருவமேயாகும். ஆனால் பிள்ளைகளைப் பெரும்பாலும் பீடிப்பது முதலாம் வகை நீரிழிவு. உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்புச் சக்தியே சதையியில் இன்சுலினைச் சுரக்கும் கலங்களைத் தாக்கி அழித்துவிடுவதால் இது உண்டாகின்றது. சீனி தின்றதனால் இது வருவதில்லை. தாய் கவனியாது விட்டதனாலும் வருவதில்லை. இன்சுலின் ஊசியின்றி இப்பிள்ளை சில நாட்களோ சில வாரங்களோதான் உயிர் வாழ முடியும். பாகற்காய்ச் சாற்றையும் கசாயத்தையும் சிபாரிசு செய்து, "ஊசியைப் பழக்கினால் விட முடியாது" என்று எச்சரிக்கும் அயலவர் எந்த ஊரிலும் உண்டு. இப்பரோபகாரிகளின் பேச்சைக் கேட்டு ஊசியை நிறுத்திய பிள்ளையின் இரத்தம் அமிலமாகி, மூச்சு வாங்கி, மயக்கத்திலே வைத்தியசாலைக்குத் தூக்கிவரப்படுவதும் உண்டு. வளர்ந்தோருக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவும் இப்பொழுது தென்னாசியாவிலே இளவயதினரை எட்டிப் பிடித்து வருகின்றது என்பது உண்மையே. அதற்கு உணவுக் கம்பனிகளும் விளையாட்டிடமற்ற நகரங்களும் சொல்ல வேண்டிய பதில்கள் பல உள. அதனைப் பிறிதோர் இதழுக்கு ஒத்திவைப்போம்.

கட்டிளமைப் பருவத்திலே சீனி ஏன் ஏறுகின்றது? உடல் வளர்ச்சியைத் தூண்டும் ஓமோன்கள் இப்பருவத்திற் பெருகுகின்றன. அவை பெருகும்போது இன்சுலின் தன் வேலையைச் செய்ய இயலாதவாறு தடைப்படுகின்றது. நேற்றுவரை போதுமாயிருந்த அளவு இன்று போதாமற் போகின்றது. பிள்ளை ஒரு கவளம் கூடுதலாக உண்ணாவிட்டாலும் இது நிகழும். ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983 முதல் 1993 வரை 1,441 பேரைக் கொண்டு ஒரு பெரும் ஆய்வு நடத்தப்பட்டது. 13 வயது முதல் 39 வயது வரையிலான முதலாம் வகை நோயாளரே அதிற் பங்குபற்றினர். தீவிர சிகிச்சை பெற்றோர் மாதந்தோறும் அழைக்கப்பட்டனர்; இடையிடையே தொலைபேசியிலும் விசாரிக்கப்பட்டனர்; வைத்தியர், தாதி, உணவு ஆலோசகர் எனப் பலர் அவர்களைச் சூழ்ந்து நின்றனர். பயன் வியக்கத்தக்கதாயிருந்தது. முன்னர் விழித்திரை நோய் இல்லாதிருந்தவர்களிடையே அந்நோய் தோன்றும் ஆபத்து 76 சதவீதத்தாற் குறைந்தது. அந்தக் கவனிப்பால் இளையோரும் நன்மை பெற்றனர். எனினும், அத்தனை பேர் சூழ்ந்து நின்றபோதும், இளையோரின் சராசரிச் சீனி வளர்ந்தோருடையதை விட உயர்ந்தே நின்றது. உலகிலே கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த கவனிப்புக்கும் முழுமையாக அடங்காத ஒன்றை, முல்லைத்தீவிலோ மஸ்கெலியாவிலோ உள்ள ஒரு பிள்ளை தன் மனவுறுதியால் மாத்திரம் அடக்கிக் காட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்த விஞ்ஞானத்தின் பாற்பட்டது?

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஓராண்டுக்கு 8,760 மணித்தியாலங்கள். மாதம் ஒரு முறை கிளினிக்கிலே பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டால் (இது தாராளமான கணக்கு என்பதைக் கிளினிக் வாங்குகளில் அமர்ந்தவர் அறிவர்) ஆண்டுக்கு இரண்டே மணித்தியாலம். எஞ்சிய 8,758 மணித்தியாலங்களும் அந்நோயோடு பிள்ளை தனித்தே வாழ்கின்றது. சோற்றின் அளவைக் கணித்து, ஊசியின் அளவைத் தீர்மானித்து, ஓடி விளையாடினாற் சீனி இறங்குமோ என்று அஞ்சி, காய்ச்சல் வந்தால் ஏறுமோ என்று கலங்கி, ஒரு வைத்தியர் செய்ய வேண்டிய வேலையை எட்டாம் வகுப்பு மாணவி நாளுக்கு நான்கு தடவை செய்கிறாள். சம்பளம் இல்லை, விடுமுறை இல்லை. பிழைத்தால் வசை மாத்திரம் உண்டு.

அந்தப் பத்து நிமிடத்திலே நடப்பதென்ன? கிளினிக் கொப்பி புரட்டப்படுகின்றது. இலக்கமொன்று வாசிக்கப்படுகின்றது. இன்சுலின் இரண்டு அலகு கூட்டி எழுதப்படுகின்றது. "ஏன் கூடியிருக்கு?" என்ற கேள்வி எழுகின்றது. உண்மையை அறியும் நோக்கம் அக்கேள்விக்கு இல்லை என்பது பிள்ளைக்கு நன்கு தெரியும். ஆகவே அது மௌனம் சாதிக்கின்றது, அல்லது பொய் சொல்கின்றது. கிளினிக்குக்கு முதல் நாள் இரவு, ஒரே பேனையால், ஒரே இருக்கையில் எழுதி முடிக்கப்பட்ட முப்பது நாட் சீனிக் கணக்குகளைப் பார்த்துப் பழகாத தாதியர் இல்லை. உண்மை சொன்னவனுக்கு ஏச்சும் பொய் எழுதியவனுக்குப் பாராட்டும் வழங்கும் இடத்திலே பொய் விளைவதில் வியப்பென்ன? அந்தப் பொய்யை நம்பி மருந்தின் அளவு மாற்றப்படுகின்றது என்பதே இதிலுள்ள கொடுமை. நல்ல மனம் படைத்த வைத்தியரும் தாதியரும் இந்நாட்டில் நிறைய உளர். அவர்களை நாம் நோகவில்லை. ஒரு காலையில் அளவுக்கு மிஞ்சிய நோயாளரைப் பார்த்து முடிக்குமாறு நிர்ப்பந்திக்கப்பட்டவர் வேறெதுவும் செய்ய இயலாது. ஒருவர் பின் ஒருவராக, தனித்தனியாக, கதவுக்குள்ளே அழைக்கும் முறையே இங்கு பிழைத்துப்போன முறை.

இக்கணக்கைச் சற்றே மாற்றிப் பாருங்கள். பத்துப் பிள்ளைகளைத் தலைக்குப் பத்து நிமிடமாகப் பார்ப்பதற்கு வைத்தியருக்கு நூறு நிமிடம் செல்கின்றது. அதே நூறு நிமிடத்துக்கு அதே பத்துப் பேரையும் ஒன்றாக வட்டமாக அமர்த்தினால் ஒவ்வொரு பிள்ளையும் நூறு நிமிடமும் பெறுகின்றது. வைத்தியரின் நேரம் ஒரு நிமிடமும் கூடவில்லை. இதுவே கூட்டுச் சிகிச்சை முறையின் அடிப்படை. நிறை பார்ப்பதும், ஊசி ஏற்றும் இடங்கள் தடித்துள்ளனவா என்று தொட்டுப் பார்ப்பதும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனைக்கு இரத்தம் எடுப்பதும் ஒரு திரைமறைவிலே ஒவ்வொருவராக நடைபெறும். பின்னர் அனைவரும் கூடுவர். எதைப் பற்றிப் பேசுவது என்பதைப் பிள்ளைகளே தீர்மானிப்பர். பேச்சை நடத்திச் செல்லும் பயிற்சி பெற்ற தாதியொருவர் இருப்பார். வைத்தியர் மேசைக்குப் பின்னால் அமராமல் வட்டத்தில் ஒருவராக இருந்து, விருப்பம் தெரிவித்த பிள்ளையின் கணக்கை எல்லோர் முன்னிலையிலும் ஆராய்வார். ஒருவனுக்குச் சொல்லப்படும் விளக்கம் பத்துப் பேரின் காதிலும் விழும். பெற்றோர் அடுத்த அறையிலே தமது கலக்கங்களைத் தமக்குள் பேசிக்கொண்டிருப்பர். தாயும் மகளும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் பாராது மனந்திறக்க இவ்வேற்பாடு இடந்தருகின்றது.

இது யாரோ நேற்றுக் கண்ட கனவன்று. இன்சுலின் வழக்கிற்கு வந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே, 1925இல், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வென்ற் என்ற வைத்தியர் நீரிழிவுப் பிள்ளைகளுக்கெனக் கோடைப் பாசறை ஒன்றை நடத்தினார். அதே மாநிலத்துப் பல்கலைக்கழகத்திலே 11 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளைச் சிறு குழுக்களாக்கி, தமது சீனிக் கணக்கைத் தாமே வாசித்து மருந்தையும் உணவையும் மாற்றப் பழக்கிய ஆய்வொன்று 1989இல் வெளியாயிற்று. இவ்வயதிலே வழமையாகக் காணப்படும் சீர்கேடு அக்குழுக்களிலே குறைந்திருந்தது. இத்தாலியின் தூரின் நகரிலே வளர்ந்தோருக்கான கிளினிக்கைத் தனிச் சந்திப்பு, குழுச் சந்திப்பு என இரண்டாகப் பிரித்து ஐந்தாண்டுகள் ஒப்பிட்டனர். 2004இல் வெளியான முடிவின்படி தனித்துப் பார்க்கப்பட்டோரின் சீனி ஆண்டுக்கு ஆண்டு ஏறிற்று. குழுவிலிருந்தோரின் சீனி ஏறாது நின்றது. தூரின் நகரம் 1919இலும் 1920இலும் தொழிற்சாலைக் கவுன்சில்கள் எழுந்த நகரம், கிராம்சி பத்திரிகை நடத்திய நகரம் என்பதை நமது வாசகர் அறிவர். அந்த மண்ணிலே வைத்தியசாலைக்குள்ளும் வட்டமாக உட்காரும் வழக்கம் தோன்றியதைத் தற்செயல் என்றே கொள்வோம். எனினும் மகிழ்ச்சி தரும் தற்செயல். கியூபாவிலே 1970களில் இருந்து நீரிழிவாளர் பகற்பொழுதிலே கூடிக் கற்கும் நிலையங்கள் இயங்குகின்றன. அங்கு பிள்ளைகளைக் கடற்கரையிலே சில நாட்கள் ஒன்றாக வாழவைத்துப் பழக்கும் வழக்கமும் உண்டு. அண்மையிலே இலண்டனின் வறிய, பல இன மக்கள் வாழும் பகுதிகளில், 16 முதல் 25 வயது வரையிலான இளையோரையே கூட்டி, கூட்டுக் கிளினிக் எவ்வாறு அமைய வேண்டும் என்று அவர்களிடமே கேட்டு அமைத்துப் பார்த்தனர்.

இவற்றால் எல்லாவிடத்தும் சீனி ஒரேயடியாகக் குறைந்துவிட்டது என்று நாம் கூறவரவில்லை. ஆய்வுகளின் முடிவு இவ்விடயத்தில் ஒருமுகப்பட்டதன்று. அழைத்த எல்லாரும் வந்ததுமில்லை. ஆனால் இரத்தத்தின் இலக்கத்தை மாத்திரம் அளந்துவிட்டு, "பயனில்லை" என்று கொப்பியை மூடுவோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். தன் வயதுள்ள இன்னொரு பிள்ளை தன்னைப் போலவே மேற்சட்டையை உயர்த்தி வயிற்றிலே ஊசி ஏற்றுவதைப் பதினைந்து வயதிலே முதன்முறையாகக் காணும் பிள்ளையின் முகத்தை அவர்கள் எந்தக் கருவியால் அளந்தார்கள்?

முதலாம் வகை நீரிழிவு நம் நாட்டில் அரிது. ஒரு பாடசாலையிலே ஒரு பிள்ளை இருக்கலாம். பல பாடசாலைகளில் ஒருவரும் இல்லாதிருக்கலாம். வளர்ந்தோர் கிளினிக்கிலோ, கால் இழந்த முதியவரும் கண் மங்கிய கிழவியும் இருக்கும் வாங்கிலே இப்பிள்ளை இருத்தப்படுகின்றது. தன் எதிர்காலம் என்று அது காணும் காட்சி அதுவேயாகும். இந்தத் தனிமை வெறும் மனக்கவலை என்று தள்ளத்தக்கதன்று. அது மருந்தையே தடுக்கின்றது. சக மாணவர் காண்பர் என்றஞ்சி மதிய ஊசியை விடும் பிள்ளை உண்டு. ஊசி ஏற்றாவிடின் உடல் மெலியும் என்பதைக் கண்டுபிடித்து, மெலிவை விரும்பி ஊசியைக் குறைக்கும் பெண்பிள்ளைகள் உலகெங்கும் உளர். இதனை எந்தத் தாயிடமும் அவர்கள் சொல்வதில்லை. சீனி இறங்கி மயங்கிவிடுவோமோ என்ற பயத்தினாலே பரீட்சைக் காலத்தில் வேண்டுமென்றே சீனியை உயரத்தில் வைத்திருப்போர் உளர். விரத நாளில் என்ன செய்வது, திருவிழாவிலே தண்ணீர்ப்பந்தற் சர்க்கரைத் தண்ணீரை மறுத்தால் என்ன பேசுவர், நண்பர்கள் கொத்து ரொட்டிக் கடைக்கு அழைத்தால் எத்தனை அலகு ஏற்றுவது, களவாகக் குடித்த பியரின் பின் நள்ளிரவிலே சீனி இறங்கினால் யாரிடம் சொல்வது, காதலித்தவளிடம் இதை எப்பொழுது சொல்வது? இவற்றுக்கு வைத்தியரின் பாடநூலில் விடைகள் இல்லாமலில்லை. ஆனால் கேள்விகளே வைத்தியரை எட்டுவதில்லை. பதினாறு வயதுப் பிள்ளை இன்னொரு பதினாறு வயதுப் பிள்ளையிடம் கேட்கும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத லயத்துக் காம்பராவிலே ஈரமணலும் மட்பானையும் கொண்டு இன்சுலினைக் குளிர்மையாக வைத்திருப்பது எப்படி என்பதை அப்படி வைத்திருக்கும் பிள்ளை சொல்லிக்கொடுப்பது போல எந்த நிபுணராலும் சொல்லிக்கொடுக்க இயலாது.

மறுப்புரைகளுக்குக் குறைவில்லை. "வைத்தியம் என்ன கிராமச் சங்கக் கூட்டமா, ஆளுக்கு ஆள் பேசுவதற்கு?" என்று கேட்பவர் உளர். வைத்தியரின் சொல்லை நோயாளி கைகட்டி, வாய் பொத்திக் கேட்க வேண்டும் என்ற நிலவுடைமைக் காலத்து மரியாதை வெள்ளைச் சட்டைக்குள்ளே இன்னும் ஒளிந்திருக்கின்றது என்பதற்கு இக்கேள்வியே சான்று. நாள்தோறும் நான்கு முறை தன்னைத்தானே சிகிச்சை செய்துகொள்ளும் ஒரு நோயாளியைப் பேசவிடாது அந்நோயை நடத்த முடியாது. நிமோனியாவுக்கு அந்த மரியாதை பொருந்தலாம். பத்து நாள் மருந்தோடு அது முடிந்துவிடும். முதலாம் வகை நீரிழிவோ பிள்ளையோடு கூடவே வளர்வது.

இன்னுமொரு மறுப்பு, அந்தரங்கம் பற்றியது. "நாலு பேருக்குத் தெரிந்தால் பெண்ணைக் கட்டிக்கொடுப்பது எப்படி?" என்பதே அதன் உண்மையான வடிவம். இதனை நாம் எளிதிற் புறந்தள்ளிவிட மாட்டோம். சீதனச் சந்தையிலே பெண்ணின் உடல் விலைபேசப்படும் சமூகத்தில் ஒரு தாயின் இந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. விரும்பாத பிள்ளையைக் கூட்டத்தில் உட்கார வைத்தலாகாது. வட்டத்திலே பேசப்பட்டது வட்டத்தைவிட்டு வெளியேறலாகாது என்ற உடன்பாடு முதற் கூட்டத்திலேயே செய்யப்படல் வேண்டும். ஆனால் மறைத்து வைப்பதால் விளைந்த பயன் யாது? மறைத்துக் கட்டிக்கொடுக்கப்பட்ட பெண் புகுந்த வீட்டிலே குளியலறைக்குள் ஒளித்து ஊசி ஏற்றுகிறாள், அல்லது ஏற்றாமலே விடுகிறாள். கருவுற்ற காலத்தில் அதன் விலை இரண்டு உயிர்.

வெளியே சொல்லப்படாத மறுப்பொன்றும் உண்டு. வட்டமாக உட்காரும்போது யார் பக்கத்தில் யார் உட்காருவது? 1930ஐ ஒட்டிய ஆண்டுகளிலே யாழ்ப்பாணப் பாடசாலைகளில் சம ஆசனத்துக்காகப் போராட வேண்டியிருந்த சமூகம் நமது சமூகம். அந்நாளிலே நிலத்தில் இருத்தப்பட்ட பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளுக்கும், அவர்களை நிலத்தில் இருத்தியோரின் பேரப்பிள்ளைகளுக்கும் சதையி ஒரே வகையாகவே பழுதாகின்றது. சீனி இறங்கி நடுங்கும் பிள்ளைக்குத் தன் பையிலுள்ள குளுக்கோசை நீட்டும் கை எந்தக் குறிச்சியைச் சேர்ந்தது என்று பார்க்கும் பிள்ளையை நாம் கற்பனை செய்ய முயன்றோம், முடியவில்லை.

இதுகாறும் கூட்டுச் சிகிச்சையை எதிர்ப்போருடன் வாதிட்டோம். இனி, அதனை ஆதரிப்போர் சிலருடன் வாதிட வேண்டியிருக்கின்றது. இவர்களே அதிக ஆபத்தானவர்கள் என்பது எமது அபிப்பிராயம்.

"தோழமை ஆதரவு", "சுய பராமரிப்பு", "நோயாளியை வலுவூட்டல்" என்ற சொற்கள் இப்பொழுது கருத்தரங்கு மண்டபங்களிலே தாராளமாகப் புழங்குகின்றன. அச்சொற்களை உச்சரிப்போரிற் சிலர் மனத்தில் வைத்திருக்கும் கணக்கு வேறு. பிள்ளைகளே ஒருவருக்கொருவர் கற்பித்துக்கொண்டால் தாதியர் வெற்றிடத்தை நிரப்ப வேண்டியதில்லை. அவர்களே ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டால் மனநல ஆலோசகரை நியமிக்க வேண்டியதில்லை. ஏதாவது தவறினால் "குழு சரியாக இயங்கவில்லை" என்று சொல்லிவிடலாம். முன்னர் ஒரு பிள்ளையின் தலையில் சுமத்திய குற்றத்தை இப்போது பத்துப் பிள்ளைகளின் தலையில் பகிர்ந்து சுமத்துவதுதான் இது. தோழமை இன்சுலினுக்கு மாற்றீடாகாது. பத்துப் பிள்ளைகள் கைகோர்த்து அமர்ந்தாலும் ஒரு துளி இன்சுலின் சுரக்காது.

இன்சுலினின் வரலாறே இதற்குப் பாடம். 1922 ஜனவரி 11ஆம் நாள் ரொறன்ரோப் பொது வைத்தியசாலையிலே முதன்முதலாக அம்மருந்து ஏற்றப்பட்டவன் லெனாட் தொம்சன் என்ற 14 வயதுச் சிறுவன். அப்போது அவனது நிறை 65 இறாத்தல். முதல் ஊசி போதிய பயன் தரவில்லை. கொலிப் மருந்தைத் தூய்மைப்படுத்திக் கொடுக்க, சில நாட்களின் பின் ஏற்றப்பட்ட ஊசிகள் அவனைக் காப்பாற்றின. அதன் பின் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்து 1935இல் நிமோனியாவால் இறந்தான். 1922 ஓகஸ்ற் மாதத்திலே அமெரிக்க இராஜாங்கச் செயலாளரின் மகள் எலிசபெத் ஹியூஸ் பட்டினிச் சிகிச்சையால் 45 இறாத்தலாக மெலிந்து பான்ரிங்கிடம் அழைத்து வரப்பட்டாள். அம்மருந்து அரிதாயிருந்த நாட்களில் எந்தெந்தப் பிள்ளைக்குக் கிடைத்தது, எந்தெந்தப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை என்பதைச் சிந்திப்பது வாசகர் பொறுப்பு. கண்டுபிடித்தோரோ அதன் உரிமையைத் தலைக்கு ஒரு டொலருக்கு ரொறன்ரோப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தனர். நூறாண்டு கழிந்தது. இன்று உலக இன்சுலின் சந்தையின் பத்தில் ஒன்பது பங்களவை மூன்றே கம்பனிகள் தம் கையில் வைத்திருக்கின்றன. உலகின் செல்வம் மிக்க நாட்டிலே, விலை கொடுக்க இயலாமல் இன்சுலினை மிச்சம் பிடித்து ஏற்றி இளைஞர் இறந்தனர்.

அங்கேதான் தோழமையின் மறுபக்கத்தையும் காண்கின்றோம். 2019 ஜூன் மாதத்திலே அமெரிக்காவின் மினசோற்றா மாநிலத்திலிருந்து நீரிழிவாளரும் பெற்றோருமாகப் பலர் பஸ்ஸில் ஏறிக் கனடாவின் இலண்டன் நகருக்குச் சென்று, தம் நாட்டு விலையிற் பத்திலொரு பங்குக்கு இன்சுலின் வாங்கித் திரும்பினர். பான்ரிங்கின் மனத்தில் இன்சுலின் பற்றிய எண்ணம் 1920இல் உதித்த நகரம் அது. ஒருவரையொருவர் தேற்றிக்கொள்ளக் கூடியவர்கள் கூட்டாகக் கேள்வி கேட்கவும் கற்றுக்கொண்டனர். இவ்வாறான கிளர்ச்சிகளின் நெருக்குதலும் சேர, 2023இல் அம்மூன்று கம்பனிகளும் அந்நாட்டிலே சில இன்சுலின்களின் விலையைக் குறைப்பதாக அறிவித்தன. இதற்கு முன்னோடிகளும் உண்டு. 1934இலே பிரித்தானியாவில் எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸும், தாமே நீரிழிவாளரான வைத்தியர் லோறன்சும் சேர்ந்து நீரிழிவாளர் சங்கத்தைத் தொடங்கியபோது, வறியவருக்கும் இன்சுலின் கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்றாயிருந்தது. இலக்கியகாரனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கும் நம் நண்பர்களுக்கு வெல்ஸைச் சுட்டிக்காட்டுகின்றோம்.

நம் நாட்டு நிலை வேறு. 1951இலே அரசாங்க வைத்தியசாலைகளிற் கட்டணம் ஒழிக்கப்பட்டது. இன்றும் அங்கு இன்சுலினுக்குப் பிள்ளை பணம் கொடுப்பதில்லை. இதைப் பெருமையோடு சொல்கின்றோம். 2022இலே அந்நியச் செலாவணி வற்றி மருந்தலமாரிகள் வெறுமையானபோது, இலவச வைத்தியம் எத்துணை மெல்லிய நூலில் தொங்குகின்றது என்பதையும் கண்டோம். அன்றியும் இலவசம் ஊசியோடு நின்றுவிடுகின்றது. வீட்டிலே சீனி பார்க்கும் ஸ்ரிப்பை பெரும்பாலான பெற்றோர் பாமசியிற் சொந்தப் பணத்துக்கே வாங்குகின்றனர். ஐம்பது ஸ்ரிப் கொண்ட பெட்டியொன்று நாளுக்கு நான்கு முறை பார்த்தால் பதின்மூன்றாம் நாள் தீர்ந்துவிடும். ஆண்டுக்கு முப்பது பெட்டி வேண்டும். தோட்டத்திலே கொழுந்து பறிக்கும் தாய் இதற்கு எங்கே போவாள்? ஆகவே அவளது பிள்ளை குத்துமதிப்பாக ஊசி ஏற்றுகின்றது. அந்தப் பிள்ளையைத்தான் நாம் "கட்டுப்பாடு இல்லாதது" என்று ஏசுகின்றோம்! கூட்டுக் கிளினிக்கின் முதல் நாள் நிகழ்ச்சி நிரலிலே ஸ்ரிப் கோரிக்கை இடம்பெறாவிட்டால் அந்தக் கிளினிக்கைப் பற்றி நாம் ஐயுற வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. சீனி இறங்கிய பிள்ளைக்கு வியர்க்கும், கை நடுங்கும், பேச்சுத் தடுமாறும். சில வேளை எரிச்சலோடு எதிர்த்துப் பேசும். அதனைக் குழப்படி என்று கருதி வெயிலில் நிறுத்துவது உயிருக்கு ஆபத்தானது. உடனே சர்க்கரைத் தண்ணீரோ குளுக்கோசோ கொடுத்து, சற்றுப் பின் உணவும் கொடுக்க வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் வைத்தியசாலைக்குக் கொண்டோட வேண்டும். பரீட்சை மண்டபத்திலே பிள்ளையின் மேசையில் குளுக்கோசு இருக்க அனுமதியுங்கள். வகுப்பிலே அது ஊசி ஏற்ற விரும்பினால் ஏற்றட்டும். ஒளித்து ஏற்ற விரும்பினால் மலசலகூடத்துக்கு அனுப்பாமல், ஆசிரியர் அறையின் ஒரு மூலையைக் கொடுங்கள்.

கூட்டுக் கிளினிக்கை எங்கே தொடங்குவது? மாவட்டத்துக்கு ஒரு வைத்தியசாலை, மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை என்று தொடங்கலாம். தூரத்துப் பிள்ளைக்கும் உடன் வருபவருக்கும் பஸ் கட்டணம் கொடுக்கப்பட வேண்டும்; இன்றேல் நகரத்துப் பிள்ளைகளே கூடிப் பேசிக் கலைவர். பேச்சை நடத்தத் தாதியர் இருவர் பயிற்றப்பட வேண்டும். தமிழும் சிங்களமும் பேசும் பிள்ளைகள் கலந்திருக்கும் இடங்களிலே இரண்டும் தெரிந்தவர் ஒருவர் இருத்தல் வேண்டும். பிள்ளைகள் அதற்கு முன்பே தமக்குள் ஒரு மொழியை உண்டாக்கிக்கொள்வர் என்பது வேறு விடயம். வைத்தியசாலை அபிவிருத்திக் குழுக்களிலே நமது வாசகர் பலர் அங்கத்துவம் வகிக்கின்றனர். மதிலுக்கு வர்ணம் பூசுவதையும் வாசலுக்கு வளைவு கட்டுவதையும் பற்றி அங்கு நீண்ட நேரம் பேசப்படுவதை அறிவோம். அடுத்த கூட்டத்திலே இதனையும் எழுப்புங்கள். "இடமில்லை" என்ற பதில் வரும். சனிக்கிழமை பிற்பகலிலே வெளிநோயாளர் மண்டபத்துக்குப் போய்ப் பாருங்கள். வாங்குகள் எல்லாம் வைத்தியரின் மூடிய கதவைப் பார்த்தபடி வரிசையாக, வெறுமையாகக் கிடக்கும். அவற்றை வட்டமாகத் திருப்பிப் போடுவதற்குச் சுகாதார அமைச்சின் சுற்றுநிருபம் எதுவும் வேண்டியதில்லை.